எங்கே முறியும் என்று கேட்பவர்

டீச்சர் கடைக்குள் நுழைந்தால் முதலாளி முதலில் ஒரு கிளாஸ் தண்ணீர் குடிப்பார். பிறகுதான் "வாங்க டீச்சர்" என்பார். ஹட்டனில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த அந்த முதலாளி யாருக்கும் பயந்து நான் பார்த்ததில்லை. ஒல்லியான இந்தக் கணக்கு டீச்சருக்கு மட்டும் பயந்தார். அதற்குக் காரணம் ஒரே ஒரு கேள்வி.

"முதலாளி, இது எந்த இடத்தில முறியும்?"

"முறியாதுங்க டீச்சர். ஜப்பான் சாமான்."

"முறியாத சாமான் உலகத்தில இல்லை. எந்த இடத்தில முறியும் எண்டு தெரிஞ்சாத்தான் வாங்கலாம். யோசிச்சுச் சொல்லுங்கோ, எனக்கு அவசரம் இல்லை."

அவருக்கு அவசரம் இருக்காது. பின்னால் நிற்கும் எங்களுக்குத்தான் இருக்கும்.

பிள்ளைகளே, போன மாதம் பெரியவன் காருக்கென்று ஒரு ஸ்பேனர் பெட்டி வாங்கி வந்தான். திறந்தால் கண் கூசுகிற மாதிரி பளபளப்பு. சின்னவள் அதில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது நல்லதா கெட்டதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். எனக்கு உடனே டீச்சர்தான் ஞாபகத்துக்கு வந்தார். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். பெயரை எழுதவில்லை. எங்கள் ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

தொண்ணூறுகளில் நாங்கள் மலையகத்தில், பூண்டுலோயா டவுனில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டை டீச்சர் வாடகைக்கு எடுத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், தனியாள். அவருடைய தகப்பனார் கண்டியில் உத்தியோகம் பார்த்து, ஒரு பழைய இங்கிலீஷ் காரை விட்டுவிட்டுப் போயிருந்தார். பச்சை நிறம், தவளைக் கண் மாதிரி முன்விளக்கு. அந்தக் காரை டீச்சரே ஓட்டுவார். பழுது வந்தால் அவரே சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பழைய சாக்கை விரித்து, அடியில் படுத்து வேலை செய்வார். முதல் தடவை அதைப் பார்த்த அன்று எங்கள் வரிசையில் ஒரு வீட்டிலும் உலை கொதிக்கவில்லை. எல்லோரும் வேலி ஓரத்தில் நின்றோம்.

நான் அப்போது வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை தயாரிக்கும் இடத்தில், மிசின் ரூமில் வேலை செய்தவன், அதை விட்டுவிட்டு ஒரு பழைய ஜப்பான் வேன் எடுத்திருந்தேன். அதனால் எனக்கும் டீச்சருக்கும் பேச விசயம் இருந்தது. ஹட்டனுக்குப் போகும் நாட்களில் சாமான் கடைக்கும் சேர்ந்தே போவோம்.

அவர் சாமான் தெரிவு செய்வதைப் பார்க்க வேண்டும். ஸ்பேனர் என்றால், கைப்பைக்குள் இருந்து ஒரு துணிப்பையை எடுப்பார். அதில் புத்தம்புது போல்ட்டுகள், அளவுக்கு ஒன்று. தேய்ந்த போல்ட்டில் மாட்டிப் பார்த்தால் ஆட்டம் ஸ்பேனருடையதா போல்ட்டுடையதா என்று தெரியாதாம். புதியதில் மாட்டி, ஒரு விரலால் மெதுவாக ஆட்டுவார். லேசாக ஆடினாலும் திருப்பி வைத்துவிடுவார். குறடு என்றால் அதன் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். நுனியில் வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். சுத்தியல் என்றால் தலையைப் பார்க்கமாட்டார். பிடியின் அடியைத் திருப்பி மர ரேகையைப் பார்ப்பார். சுத்தியல் தலை நீண்டிருக்கும் பக்கத்துக்கே ரேகையும் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் ஒருநாள் பிளக்கும் என்பார்.

ஸ்குரூ டிரைவர் என்றால்தான் வேடிக்கை. உள்ளங்கையை உச்சந்தலையில் நன்றாக அழுத்தித் தேய்ப்பார். காலையில் தேங்காய் எண்ணெய் வைத்து வாரிய தலை. அந்த எண்ணெய்க் கையால் பிடியைப் பிடித்து, முதலாளியை மறுமுனையைப் பிடிக்கச் சொல்லித் திருகுவார்.

"கார் வேலை செய்யேக்க கை காய்ஞ்சோ இருக்கும், முதலாளி? எண்ணெய்க் கையில நிக்காத பிடி பிடியே இல்லை."

"டீச்சர், நீங்க தொட்டதுக்கப்புறம் இத வேற யாருக்கும் விக்க முடியாதுங்க. கொண்டை வாசம் அடிக்கும்."

"அப்ப வழுக்காத பிடியா எடுத்து வையுங்கோவன், கெதியா முடியும்."

பளபளப்பை அவர் நம்பியதே இல்லை. பூச்சு உரிந்தால் கையைக் கிழிக்கும், அதற்குக் கீழே என்ன இரும்பு என்பதையும் அது மறைக்கும் என்பார். அவரிடம் இருந்த சாமான்கள் ஒரு கைக்குள் அடங்கும். பழைய சேலையைக் கிழித்துத் தைத்த உறையில் சுருட்டி வைத்திருப்பார். ஆனால் அவர் வீட்டில் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருந்தது. அதைத் திறந்தபோதுதான் இந்த மனுசி வேறு மாதிரி என்று எனக்குப் புரிந்தது. உள்ளே முழுக்க முறிந்த சாமான்கள். வாய் போன ஸ்பேனர், நுனி ஒடிந்த ஸ்குரூ டிரைவர், கால் போன குறடு. கராஜ் கராஜாகப் போய், "முறிஞ்சது ஏதும் கிடக்கோ?" என்று கேட்டு வாங்கி வந்தவை. ஒவ்வொன்றிலும் நூலில் ஒரு காகிதத் துண்டு கட்டி, என்ன வேலையில், எந்த இடத்தில் முறிந்தது என்று எழுதியிருந்தார்.

இரண்டு துண்டுகளை எடுத்து என் கையில் வைத்தார். ஒன்றின் முறிந்த முகம் சீனியைக் கொட்டியது போல மினுங்கியது. மற்றது சாம்பல் நிறத்தில், மாவு மாதிரி நைசாக இருந்தது.

"எது நல்லது? சொல்லுங்கோ பாப்பம்."

"மினுங்குறதுங்க."

சிரித்தார். "எல்லாரும் அதைத்தான் சொல்லுவினம். சீனி மாதிரி இருக்கிறது சொல்லாமக் கொள்ளாமப் பட்டெண்டு முறியும். மற்றது முறிய முதல் கொஞ்சம் வளைஞ்சு காட்டும். முறியிறது பிழையில்லைத் தம்பி. அறிவிக்காம முறியிறதுதான் பிழை."

அந்தக் கேள்வியை அவர் சாமான்களோடு நிறுத்திக்கொண்டாலாவது பரவாயில்லை. புதுக் குடை வாங்கினால் கேட்பார். பள்ளிக்கூட வாங்குப் பலகையில் உட்காரும் முன் குனிந்து பார்ப்பார். கரும்பலகையில் ஒரு பிள்ளை கணக்குப் போட்டு முடித்தால், "சரி, உன்ர கணக்கு எந்த வரியில முறியும்?" என்பாராம். ஒருமுறை தலவாக்கலை வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்த ஆமிக்காரப் பையன் ஒருவன் அவரை இறக்கி, கைப்பையைக் கவிழ்த்தான். போல்ட்டுகள் கணகணவென்று விழுந்தன. யாழ்ப்பாணத்து அடையாள அட்டை, பை நிறைய இரும்பு. யுத்தம் நடந்த காலம், குண்டு என்று சந்தேகிக்க அது போதும். டீச்சர் நிதானமாகச் சிங்களத்தில் விளக்கினார். பையன் ஒரு போல்ட்டை எடுத்துப் பார்த்தான். தன் அப்பாவும் பாஸ்தான், அதாவது மெக்கானிக், என்று சொல்லி எல்லாவற்றையும் பொறுக்கிக் கொடுத்தான். டீச்சர் விடவில்லை. "அப்பாட ஸ்பேனர் எந்த இடத்தில முறியும்?" என்று அவனிடமும் கேட்டுவிட்டுத்தான் ஏறினார்.

உங்கள் அத்தைக்கு, என் தங்கச்சிக்கு, உடப்புசல்லாவையில் மாப்பிள்ளை பார்த்தோம். போட்டோவை டீச்சரிடம் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்ல பெடியன் மாதிரித்தான் இருக்கு. எங்க முறிவார்?" என்றார்.

எங்கள் மாமாவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "என்னாங்க டீச்சர், நல்ல காரியம் பேசுற எடத்துல மொறியுறது கிறியுறதுன்னு!"

தங்கச்சிதான் சிரித்தாள். "பசி வந்தா முறிஞ்சிருவாராம் டீச்சர். அவுங்க அம்மாவே சொன்னாங்க."

"அப்ப பயமில்லை," என்றார் டீச்சர். "தெரிஞ்ச இடம்."

இனி நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெண்ணையும் சொந்தக்காரர்களையும் என் வேனில்தான் உடப்புசல்லாவைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. காலையில் பிரேக்கை மிதித்தால் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. அடியில் படுத்துப் பார்த்தேன். பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயின் நட்டில் ஈரம். ஒயில் கசிகிறது.

எங்கள் மலையில் அப்போது எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. ஸ்டோரில் இருக்கிற வெள்ளைக்காரன் காலத்து ஸ்பேனர் மாதிரி உலகத்திலேயே கிடையாது என்பதுதான் அது. அது பொய்யும் இல்லை. தாத்தா காலத்திலிருந்து முறியாமல் கிடந்த இரும்பு அது. நான் ஸ்டோருக்கு ஓடிப்போய் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். ஆனால் அது இங்கிலீஷ் அளவு, என் வேன் நட்டு ஜப்பான் அளவு. மாட்டினால் ஆடும். அதற்கும் எங்களிடம் ஒரு வழி இருந்தது. தேயிலைப் பெட்டி ஓரத்தில் அடிக்கிற தகரப் பட்டையில் ஒரு துண்டு வெட்டி, இடைவெளியில் செருகி இறுக்குவது. மலையில் ஓடிய பாதி ஜப்பான் வேன்களை நாங்கள் இப்படித்தான் இறுக்கியிருப்போம்.

பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். தகரம் நசுங்கியது, ஸ்பேனர் வழுக்கிச் சுற்றியது. நட்டின் ஆறு மூலையும் மழுங்கிக் குண்டாகிவிட்டது.

நிமிர்ந்தால் டீச்சர் நிற்கிறார். கையில் அந்தத் தகரத் துண்டு.

"உது என்ன தம்பி?"

"சும்மா, கசிவுங்க. இறுக்கிட்டேன்."

"எந்த ஸ்பேனரால?"

காட்டினேன். தூக்கிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். "அருமையான சாமான்," என்றார். "ஆனா இதுக்கு இல்லை." தன் உறையைக் கொண்டுவந்து விரித்தவர், தானே மடக்கிவிட்டார். "என்ர காரும் இங்கிலீஷ்தான். என்ர சாமானும் ஒண்டும் உதவாது. வாங்கோ, ஹட்டனுக்குப் போவம்."

வேனை எடுக்க விடவில்லை. பஸ்ஸில் போனோம். கடையில் எனக்கு ஒரு பெட்டி கண்ணில் பட்டது, பன்னிரண்டு ஸ்பேனர், வெல்வெட் துணிக்குள். டீச்சர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மங்கலான ஒரே ஒரு ஸ்பேனரைத் தேடி எடுத்தார். வளையம் மாதிரி இருக்கும், குழாய் நுழைய மட்டும் ஒரு வெட்டு. நட்டை இரண்டு மூலையில் பிடிக்காமல் சுற்றி வளைத்துப் பிடிக்கும்.

"முதலாளி, இது எந்த இடத்தில முறியும்?"

முதலாளி அன்றைக்குத் தண்ணீர் குடிக்க மறந்துவிட்டார். கொஞ்சம் யோசித்தார். "இந்த வெட்டு இருக்குல்லங்க டீச்சர், அதுக்கு நேர் பின்னால. ரொம்ப இழுத்தா மொதல்ல வாய் விரியும்."

டீச்சரின் முகம் மலர்ந்தது. "பாருங்கோ, உங்களுக்குத் தெரியும். இவ்வளவு காலமும் ஒளிச்சு வச்சிருந்தனீங்கள்."

பின்னேரம் வீட்டுக்கு வந்து மாட்டினேன். அந்த நல்ல ஸ்பேனரும் வழுக்கியது. பிடிப்பதற்கு நட்டில் மூலை இல்லையே. புதுக் குழாய், புது நட்டு போட வேண்டும். அது திங்கட்கிழமைதான் கிடைக்கும். நான் குறடால் முடிந்தமட்டும் திருகி, துடைத்துவிட்டு, பெடலை மிதித்துப் பார்த்தேன். கல்லு மாதிரி நின்றது. கசிவும் இல்லை.

"நின்னுருச்சுங்க டீச்சர்."

அவர் குனிந்து அந்த நட்டை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். "இண்டைக்கு நிண்டிருக்கு," என்றார். "நான் ஒருத்தரிட்டயும் ஒண்டும் சொல்லமாட்டன். வேன் உங்கட. சொல்லுறதெண்டா நீங்கள்தான் சொல்லவேணும்."

நான் சொல்லவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் வேறு வேன் பிடித்திருக்கலாம். மானம் போய்விடும் என்று இருந்துவிட்டேன். மறுநாள் முகூர்த்த நாள், மாலைக்குள் ஊரில் ஒரு வேனும் மிச்சமில்லை.

விடிந்தது. தங்கச்சி மாலையோடு வந்து எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். மாமா ஆட்களை அடுக்கினார். மடியில் குழந்தைகள், காலடியில் பலகாரச் சட்டி. பெடலை மிதித்தேன், இன்னும் கல்லுதான். சாவியைப் போட்டேன். அப்போது யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எங்கே முறியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ராகலையைத் தாண்டினால் இறக்கம். அந்த இறக்கத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதித்துச் சூடேறிய பிறகு ஒரு வளைவு வரும். எந்த வளைவு என்றுகூடச் சொல்ல முடியும்.

சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன்.

"எல்லாரும் எறங்குங்க. பிரேக் சரியில்ல. நேத்தே தெரியும். நான்தான் சொல்லல."

மாமா என்னை அடிக்க வந்தார். "நேத்தே தெரியுமா? பொண்ண மாலையோட ஒக்கார வச்சிட்டு இப்ப சொல்றியேடா! நீயெல்லாம் ஒரு அண்ணனா?" அவர் கேட்டது நியாயம்.

தங்கச்சி யாரையும் கேட்கவில்லை. மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். "டீச்சர், ஒங்க கார்ல என்னைய கூட்டிட்டுப் போறீங்களா?"

டீச்சர் கல்யாணத்துக்கு பஸ்ஸில் வருவதற்காக உடுத்தி நின்றார். வெளியே வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து பார்த்தார். இன்னொரு சுற்றுச் சுற்றினார். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, "பொம்பள ஓட்டுற கார்ல பொண்ணா," என்று முனகினார். கடைசியில் டீச்சர் இடதுபக்கக் கதவைத் திறந்தார். அந்த சீட் நிறையப் பிள்ளைகள் கணக்கு எழுதிய கொப்பிகள், கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. நானும் அவரும் இறக்கி வைத்தோம். அடியில் சீட்டின் தோல் புதுசு மாதிரி இருந்தது.

"ஏறு பிள்ளை," என்றார். மாமா தாம்பூலத் தட்டோடு பின்னால் ஏறினார். நானும் மற்றவர்களும் ஆறரை பஸ்ஸைப் பிடித்து, நுவரெலியாவில் மாறிப் போனோம்.

நாங்கள் கோயிலில் இறங்கியபோது பச்சைக் கார் வாசலில் நின்றது. டீச்சர் ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து, புறங்கையால் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். மாமா மாப்பிள்ளை வீட்டாரோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார், கோபம் எங்கேயோ போயிருந்தது. தங்கச்சிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அண்ணே, டீச்சருக்குப் பயம்ணே. ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க, கிளம்புனதுல இருந்து."

"என்ன சொல்ற? அவுங்களுக்கா?"

"ஆமா. 'பிள்ளை, கதைச்சுக்கொண்டே இரு, நிப்பாட்டாத'ன்னாங்க. நான் என்னென்னமோ உளறிக்கிட்டே வந்தேன். ராகலைகிட்ட அவுங்களே சொன்னாங்க, அந்தக் கார்ல அவுங்களத் தவிர யாரையும் ஏத்துனதே இல்லையாம். 'எனக்கெண்டா எவ்வளவு சோதிச்சுப் பாத்தாப் போதும் எண்டு தெரியும், இன்னொரு உயிருக்கு எவ்வளவு பாத்தாப் போதும் எண்டு தெரியேல்ல'ன்னாங்க."

"நீ பயந்தியா?"

"மொதல்ல பயந்தேன். அவுங்க என்னையவிட பயந்து ஓட்டுறாங்கன்னு தெரிஞ்சதும் எனக்குப் பயம் போயிருச்சு."

அவர் ஏன் அப்படி இருந்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டிருக்கலாம். எல்லாவற்றையும் கேட்கிற மனுசியிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை காலை, புதுக் குழாயை வாங்கப் போக பஸ் நிற்கும் ஹோல்ட்டில் நின்றேன். மழை. ஏழெட்டுப் பேர் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பச்சைக் கார் எங்களைத் தாண்டிப் போனது. கொஞ்சத் தூரத்தில் நின்றது. அப்படியே நின்றுகொண்டிருந்தது. பழுதாக்கும் என்று நான் நடக்கத் தொடங்கினேன். அது மெதுவாகப் பின்னால் வந்து எங்கள் முன்னால் நின்றது. இடதுபக்கக் கதவு உள்ளிருந்து திறந்தது. சீட்டில் கொப்பிகள் இல்லை.

"ஆராவது பள்ளிக்கூடப் பக்கம் வாறியளோ?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கூடையோடு நின்ற ஒரு அம்மா மட்டும் முன்னால் போய்க் குனிந்தாள்.

"கோழி இருக்குங்க டீச்சர்."

"கோழியும் வரட்டும்."

அந்த அம்மா ஏறினாள். கதவை இழுத்துச் சாத்தினாள், பொருந்தவில்லை. மறுபடி பலமாக இழுத்தாள். பொருந்தியது. கண்ணாடி வழியே பார்த்தேன். டீச்சர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அந்த அம்மாவிடம் என்னவோ சொன்னார். அந்த அம்மா தலையாட்டிவிட்டு, நிறுத்தாமல் பேசத் தொடங்கினாள்.